‘ஆண் ஹார்மோன்’ எனக்கு எதற்கு, டாக்டர்?

போன இதழில் மாதவிடாய் நிற்கும் காலத்துத் தூக்கமின்மை பற்றி ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில் டெஸ்டோஸ்டீரான் என்ற ஹார்மோனின் பெயரைப் போட்டுவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த முறை முழுப் பகுதியையும் எடுத்துக்கொண்டன. பாதிக்கு மேற்பட்டவர்கள் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள், அதனால் யார் பெயரையும் போடவில்லை, வயது மட்டும்தான். நீளமான கடிதங்களைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 50 வயது. மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. உடம்பு திடீரென்று சூடாகி வியர்த்துக் கொட்டியதால் ஈஸ்ட்ரோஜன் ஜெல்லும் புரோஜெஸ்டிரான் மாத்திரையும் எடுக்கிறேன், அது நன்றாகக் கேட்கிறது. ஆனால் தாம்பத்திய ஆசை சுத்தமாகப் போய்விட்டது. கணவர் மேல் பாசம் அப்படியே இருக்கிறது, சண்டை கிடையாது, வலியும் இல்லை, அந்த எண்ணம்தான் எழுவதே இல்லை. எனக்குள் இருந்த எதையோ தொலைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. டெஸ்டோஸ்டீரான் எடுத்த பிறகு ஆசை, சுறுசுறுப்பு, ஞாபகசக்தி எல்லாம் திரும்பிவிட்டது என்று பல பெண்கள் வீடியோவில் பேசுகிறார்கள். என் டாக்டரிடம் கேட்டதற்கு, “அது ஆம்பளைங்க ஹார்மோன், உங்களுக்கு எதுக்கு? இந்த வயசுல இதெல்லாம் சகஜம்” என்று அனுப்பிவிட்டார். நான் கேட்டது தப்பா?

பதில்: தப்பே இல்லை. உங்களுக்கு வந்த பதில்தான் தப்பு.

முதலில் அந்த ‘ஆம்பளைங்க ஹார்மோன்’ விஷயத்தை முடித்துவிடலாம். 1935-இல் ஆம்ஸ்டர்டாமில் காளையின் விரையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள், அந்த உறுப்பின் பெயரை வைத்தே இதற்கும் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டதால் ஆணுக்கு மட்டும் உரியது என்ற எண்ணமும் கூடவே ஒட்டிக்கொண்டது. உண்மையில் உங்கள் சினைப்பைகளும் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளும் உங்கள் வாழ்நாள் முழுக்க இதைச் சுரந்துகொண்டுதான் இருக்கின்றன, அட்ரீனல் தரும் மூலப்பொருளை வைத்துக் கொழுப்புத் திசுவும் தோலும்கூடக் கொஞ்சம் தயாரித்துக்கொள்கின்றன. இளம் பெண்ணின் ரத்தத்தில் மாதத்தின் பெரும்பாலான நாட்களில், ஈஸ்ட்ரோஜன்களில் முக்கியமானதான ஈஸ்ட்ரடயாலை விட டெஸ்டோஸ்டீரான்தான் அதிகமாக இருக்கும், இதைக் கேட்டால் பலருக்கு நம்ப முடியாது. அந்த ஈஸ்ட்ரடயாலே டெஸ்டோஸ்டீரானிலிருந்து உருமாறி வருவதுதான். ஆணோடு ஒப்பிட்டால் அளவு மிகவும் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம். இந்த ‘அளவு’ என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் எல்லாக் கடிதங்களிலும் அதுதான் திரும்பத் திரும்ப வரப்போகிறது.

இன்னொன்று. மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் விழுவது போல டெஸ்டோஸ்டீரான் சட்டென்று விழுவதில்லை. இருபதுகளின் கடைசியிலிருந்தே மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டு வந்து, நாற்பதுகளில் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. மாதவிடாய் நின்ற பிறகும் சினைப்பை கொஞ்சம் சுரந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே ‘மெனோபாஸ் வந்தது, டெஸ்டோஸ்டீரான் தீர்ந்தது, நிரப்ப வேண்டும்’ என்று யாராவது சொன்னால் அது சரியான கணக்கு இல்லை.

சரி, எடுக்கலாமா? உங்களைப் போன்ற நிலைக்குத்தான் இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2019-இல் உலகின் பல மெனோபாஸ் சங்கங்களும் ஹார்மோன் மருத்துவர் சங்கங்களும் சேர்ந்து பெண்களுக்கான டெஸ்டோஸ்டீரான் சிகிச்சை பற்றி ஒரு பொது அறிக்கை வெளியிட்டன. ஆஸ்திரேலியாவின் பேராசிரியர் சூசன் டேவிஸ் அதில் முன்னணியில் இருந்தவர். அதே ஆண்டு 36 ஆய்வுகளை, மொத்தம் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை, ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு பெரிய அலசலும் வெளிவந்தது. இரண்டும் சொன்னது ஒன்றுதான்: மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஆசை குறைந்து, அந்தக் குறைவு அவளுக்கே மன வேதனையாக இருந்தால், டெஸ்டோஸ்டீரான் உதவும்.

எவ்வளவு உதவும் என்றும் நேராகச் சொல்லிவிடுகிறேன். ஆய்வுகளில் கிடைத்த சராசரிப் பலன், மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு நிறைவான உறவு கூடுதலாக. கேட்க மிகச் சின்னதாகத் தெரியும். ஆனால் எண்ணிக்கையோடு சேர்ந்து ஆசையும் கிளர்ச்சியும் இன்பமும் கூடின, தன் உடம்பைப் பற்றிய எண்ணம் மேம்பட்டது, வேதனை குறைந்தது. மாதக்கணக்கில் எதுவுமே தோன்றாமல் இருந்த பெண்ணுக்கு இது பெரிய விஷயம் என்பதை என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அழுதவர்களிடமிருந்து நான் தெரிந்துகொண்டேன். இருபது வயதுக்குத் திரும்பிவிடலாம் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்து போனதையும் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் சுறுசுறுப்பு, ஞாபகசக்தி, தசை, எலும்பு. இவற்றுக்காக இதைப் பரிந்துரைக்க இன்றைய தேதியில் போதுமான ஆதாரம் இல்லை என்றுதான் அந்த அறிக்கை சொல்கிறது. வீடியோவில் பேசும் பெண்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு பெண்ணுக்குத் தூக்கம் சரியாகி, ஈஸ்ட்ரோஜன் வேலை செய்து, தன் பேச்சை ஒருவர் காது கொடுத்துக் கேட்டார் என்ற நிம்மதியும் வந்தால் அவள் தெளிவாகத்தான் உணர்வாள், அது எந்த மருந்தால் வந்தது என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியாது. டெஸ்டோஸ்டீரான் பேட்ச், அதாவது தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை, பற்றி 2008-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் மருந்தே இல்லாத வெறும் பேட்ச் ஒட்டிய பெண்களுக்கும் நிறைவான உறவுகளின் எண்ணிக்கை கூடியது. மருந்துள்ள பேட்ச் ஒட்டியவர்களுக்கு நான்கு வாரத்துக்கு 2.1 கூடியது, வெறும் பேட்சுக்கு 0.7. மனம் அவ்வளவு வேலை செய்கிறது, அதனால்தான் ஒருவருடைய அனுபவத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்கிறோம்.

நீங்கள் செய்ய வேண்டியது, இன்னொரு மகளிர் மருத்துவரையோ ஹார்மோன் மருத்துவரையோ பார்ப்பது. உள்ளே போனதும் “எனக்கு ஆசை குறைந்துவிட்டது, அது எனக்கு வேதனையாக இருக்கிறது, என் கணவருக்காகக் கேட்கவில்லை” என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். அவர் தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு, நீங்கள் எடுக்கும் மற்ற மாத்திரைகள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். முக்கியமாக மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் பல, ஆசையை அடியோடு அமுக்கிவிடும். இதெல்லாம் சரியாக இருந்தால் ஆறு மாதம் முயற்சி செய்து பார்க்கலாம். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும், முழுப் பலனுக்கு இன்னும் நாள் பிடிக்கும். ஆறு மாதத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். அளவைக் கூட்டிப் பார்ப்போம் என்று போகக் கூடாது.

நான் படித்த காலத்தில் இதைப் பற்றி வகுப்பில் ஒரு மணி நேரம்கூட யாரும் பேசவில்லை. பிரசவம், ரத்தப்போக்கு, கட்டி, புற்றுநோய் எல்லாம் படித்தோம், ஐம்பது வயதுப் பெண்ணின் ஆசை என்று ஒரு பாடம் இருந்ததில்லை. அதனால் உங்கள் டாக்டரை நான் முழுதாகக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ‘சகஜம்’ என்ற ஒரு சொல்லைச் சொல்லிக் கதவைக் காட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: எனக்கு 43 வயது, டாக்டர். எட்டு மாதத்துக்கு முன்னால் கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள், நல்லவேளையாகப் புற்றுநோய் இல்லை. ஆபரேஷனுக்கு முன்பு எல்லாம் நன்றாக இருந்தது. இப்போது விளக்கை அணைத்த மாதிரி எல்லாமே போய்விட்டது. ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஒன்று தருகிறார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் இப்படி ஆகும் என்று யாரும் சொல்லவில்லை.

பதில்: உங்கள் கடைசி வரியைப் படித்ததும் மனது கனத்துவிட்டது. சொல்லியிருக்க வேண்டும், அம்மா. கையெழுத்து வாங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

இயல்பாக மாதவிடாய் நிற்பதற்கும் உங்களுக்கு நடந்ததற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. மேலே சொன்ன மாதிரி இயல்பாக நிற்கும்போது டெஸ்டோஸ்டீரான் சட்டென்று விழாது. இரண்டு சினைப்பையையும் எடுத்துவிட்டால் ஈஸ்ட்ரோஜன் போவதோடு ரத்தத்து டெஸ்டோஸ்டீரானும் சில நாட்களிலேயே ஏறக்குறைய பாதியாகிவிடும், ஆகவே விளக்கை அணைத்த மாதிரி என்று நீங்கள் எழுதியது சரியான வர்ணனை. கனடாவில் பார்பரா ஷெர்வின் என்ற ஆய்வாளர் 1985-லேயே இப்படி அறுவை சிகிச்சை ஆன பெண்களிடம்தான் ஆய்வு செய்து, டெஸ்டோஸ்டீரான் சேர்த்துக் கொடுத்தபோது ஆசையும் அது பற்றிய எண்ணங்களும் கூடுவதைக் காட்டினார்.

இப்போது முதல் வேலை ஈஸ்ட்ரோஜனைச் சரிப்படுத்துவது. 43 வயது என்பது மிகவும் சீக்கிரம், எலும்புக்கும் இதயத்துக்கும் வேண்டும் என்பதால் இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரையாவது, அதாவது ஐம்பது, ஐம்பத்தொன்று வரை, வேறு தடை இல்லாவிட்டால் தொடர வேண்டும். ஆனால் மாத்திரையாக எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வாய்வழி ஈஸ்ட்ரோஜன் கல்லீரலைத் தூண்டி, பாலியல் ஹார்மோன்களைக் கட்டிவைக்கும் ஒரு புரதத்தை அதிகமாகச் சுரக்க வைக்கும், அந்தப் புரதம் டெஸ்டோஸ்டீரானைப் பிடித்துக்கொள்ளும், உங்களிடம் மிச்சமிருக்கும் கொஞ்சமும் வேலை செய்ய முடியாமல் கட்டிக்கிடக்கும். தோல் வழியாகப் போகும் ஜெல்லுக்கோ பேட்சுக்கோ மாறினால் இந்தப் பிரச்சினை பெரிதாக வராது. சில பெண்களுக்கு இந்த ஒரு மாற்றமே போதுமாக இருந்திருக்கிறது. மாற்றிவிட்டு இரண்டு மூன்று மாதம் பாருங்கள், பிறகும் அப்படியே இருந்தால் டெஸ்டோஸ்டீரான் சேர்ப்பது பற்றிப் பேசலாம். உங்களுக்கு அதைக் கேட்க முழு நியாயம் இருக்கிறது.

உங்களைப் போன்றவர்களுக்கென்றே ஒரு பேட்ச் இருந்தது தெரியுமா? இன்ட்ரின்சா என்று பெயர், ஒரு நாளைக்கு 300 மைக்ரோகிராம் விடும். அமெரிக்காவில் 2004 டிசம்பரில் நிபுணர் குழு நீண்டகாலப் பாதுகாப்புத் தகவல் போதாது என்று சொல்லிவிட்டது, ஐரோப்பாவில் 2006-இல் அனுமதி கிடைத்தது, 2012-இல் அங்கேயும் விற்பனையிலிருந்து போய்விட்டது. ஆஸ்திரேலியாவில் 2020-இல் ஆண்ட்ரோஃபெம் என்ற 1 சதவீத கிரீமுக்கு மாதவிடாய் நின்ற பெண்களுக்கென்றே அனுமதி கொடுத்தார்கள். பெரும்பாலான நாடுகளில் இன்னமும் பெண்களுக்கென்று ஒரு தயாரிப்பும் இல்லாததால், ஆண்களுக்கான ஜெல்லை மிகச் சிறிய அளவில் பிரித்துப் பயன்படுத்தச் சொல்கிறோம். ஆண்களுக்கு எத்தனை விதமாகக் கிடைக்கிறது என்று பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

கேள்வி: என் வயது 47. நானாகவே லேபில் டெஸ்டோஸ்டீரான் பார்த்தேன், ‘குறைவு’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஆசையில் எந்தக் குறையும் இல்லை, அசதி மட்டும் இருக்கிறது. ஆரம்பிக்கட்டுமா?

பதில்: வேண்டாம். இந்த எண்ணுக்குக் கீழே போனால் ஆசை போய்விடும், இதற்கு மேலே இருந்தால் நன்றாக இருக்கும் என்று சொல்லக்கூடிய ஒரு கோடு பெண்களுக்குக் கிடையாது. குறைந்த அளவோடு மகிழ்ச்சியாக இருப்பவர்களும் உண்டு, நல்ல அளவோடு தவிப்பவர்களும் உண்டு. அதோடு பல லேப்களில் இருக்கும் வழக்கமான சோதனை முறை ஆணின் அளவுக்கு ஏற்றது, பெண்ணின் சின்ன அளவில் அது தடுமாறும். ரத்தத்தில் உள்ள பொருட்களைத் தனித்தனியாகப் பிரித்து, அவற்றின் நிறையை வைத்து அளக்கும் LC-MS/MS என்ற முறைதான் நம்பகமானது.

அப்படியென்றால் சோதனை எதற்கு என்று கேட்பீர்கள். சிகிச்சைக்கு முன்னால் ஏற்கெனவே அதிகமாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, ஆரம்பித்து மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் எல்லை தாண்டுகிறதா என்று பார்க்க, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை கண்காணிக்க. அசதிக்கு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு, சர்க்கரை, பி12, தூக்கம் இவற்றைப் பாருங்கள். 47 வயதில் மாதவிடாய் ஒழுங்கில்லாமல் அதிகமாகப் போகிறதென்றால் இரும்புச்சத்தைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

கேள்வி: ஐயா/அம்மா, எனக்கு 56, மனைவிக்கு 51. எனக்கு டெஸ்டோஸ்டீரான் குறைபாடு இருப்பதால் டாக்டர் ஜெல் கொடுத்திருக்கிறார், நல்ல மாற்றம் தெரிகிறது. மனைவிக்கு இப்போதெல்லாம் விருப்பமே இல்லை. என் ஜெல்லையே அவளுக்கும் கொஞ்சம் போட்டுவிடலாமா? அவளிடம் மாய்ஸ்சரைசர் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன்.

பதில்: கூடவே கூடாது. இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

உங்கள் 1 சதவீத ஜெல்லின் வழக்கமான தினசரி அளவில் 50 மில்லிகிராம் இருக்கும். பெண்ணுக்குக் கொடுப்பது ஏறக்குறைய 5 மில்லிகிராம், பத்தில் ஒரு பங்கு. ‘கொஞ்சம்’ என்று விரலில் எடுத்துத் தடவினால் அது இரண்டு பங்கா ஐந்து பங்கா என்று யாருக்கும் தெரியாது. முகத்தில் முடி, முகப்பரு, தலைமுடி உதிர்வு, போகப்போகக் குரல் கரகரத்தல், இதெல்லாம் உங்கள் மனைவிக்கு வரும், ஏன் வருகிறது என்றே தெரியாமல் அவர் ஒவ்வொரு டாக்டராக அலைவார். ஒருவருக்குத் தெரியாமல் அவர் உடம்பில் மருந்து போடுவது பெரிய துரோகம். இதை எனக்கு எழுதிக் கேட்டீர்களே, செய்வதற்கு முன்னால் கேட்டதற்கு நன்றி.

இந்தச் சிகிச்சைக்கு முதல் நிபந்தனையே குறை அவருக்கு வேதனையாக இருக்க வேண்டும் என்பது. அவருடைய வேதனையா, உங்களுடையதா? ஒரு நாள் சாயங்காலம் நிதானமாக உட்கார்ந்து கேளுங்கள். பல பெண்கள் விருப்பம் இல்லை என்று சொல்வதற்குப் பின்னால் வலி இருக்கும். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் பிறப்புறுப்பின் தோல் மெலிந்து வறண்டுவிடுகிறது, உறவு என்றாலே எரிச்சல், சில சமயம் ரத்தம். வலிக்கும் ஒன்றின் மேல் யாருக்கும் ஆசை வராது, அதை வெளியே சொல்லவும் கூச்சப்படுவார்கள். அங்கே மட்டும் வைக்கும் ஈஸ்ட்ரோஜன் கிரீமோ மாத்திரையோ இதற்கு அருமையான மருந்து, உடம்பு முழுவதும் போகும் அளவு மிகமிகக் குறைவு. அவர் ஒப்புக்கொண்டால் இருவருமாகவே டாக்டரைப் பாருங்கள்.

இன்னொரு விஷயம், உங்கள் ஜெல் அவர் மேல் ஒட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தடவியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, காய்ந்த பிறகு சட்டை போட்டு மூடிக்கொள்ள வேண்டும். ஜெல் தடவிய பெரியவர்களின் தோலில் உரசியே குழந்தைகளுக்கு வயதுக்கு முந்திய பருவ மாற்றங்கள் வந்ததால் 2009-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த ஜெல்களின் மேல் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட வைத்தது. வீட்டில் பேரன் பேத்தி இருந்தால் இரட்டைக் கவனம்.

கேள்வி: டாக்டர், நான் 30 வருடமாகப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். வயது 54. ஒரு கிளினிக்கில் இளமை திரும்பும், எடை குறையும் என்று சொல்லி இடுப்பில் தோலுக்கடியில் சின்ன உருண்டை மாதிரி டெஸ்டோஸ்டீரான் வைத்தார்கள். முதல் மாதம் உற்சாகமாகத்தான் இருந்தது. இப்போது நான்கு மாதம். மேல் ஸ்தாயிக்குப் போக முடியவில்லை, குரல் உடைகிறது. தாடையில் முடி வருகிறது. அடுத்த டோஸ் வைக்க வரச் சொல்லி போன் செய்கிறார்கள். குரல் திரும்புமா?

பதில்: முதலில், அடுத்த டோஸுக்குப் போகாதீர்கள். போனை எடுக்கவே வேண்டாம்.

இந்த வாரமே ரத்தத்தில் மொத்த டெஸ்டோஸ்டீரான் அளவைப் பாருங்கள். பெல்லட் என்று சொல்லும் இந்த உருண்டைகளில் எனக்குள்ள பெரிய ஆட்சேபமே, வைத்துவிட்டால் எளிதாக எடுக்க முடியாது என்பதுதான். ஜெல் என்றால் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிடலாம், சில நாட்களில் அளவு இறங்கிவிடும். உருண்டை தானாகக் கரைந்து தீர மாதக்கணக்கில் ஆகும், அதுவரை அது விட்டுக்கொண்டேதான் இருக்கும். பெண்ணின் இயல்பான அளவைத் தாண்டி எங்கேயோ போய்விடும் ஆபத்து இருப்பதால்தான் 2019 அறிக்கை உருண்டைகளையும் ஊசிகளையும் தயாரிப்புத் தரம் உறுதி இல்லாத கலவை மருந்துகளையும் வேண்டாம் என்று சொன்னது. எடை குறையும் என்று உங்களிடம் சொன்னதற்கு ஆதாரமே கிடையாது, சொல்லப்போனால் ஆய்வுகளில் எடை கொஞ்சம் கூடத்தான் செய்தது.

குரல் பற்றி. உங்களிடம் மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. அதிக டெஸ்டோஸ்டீரானால் குரல் நாண் தடிக்கிறது, பையன்களுக்குப் பருவ வயதில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது. அப்படித் தடித்தது பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆனால் நான்கு மாதத்தில் கண்டுபிடித்துவிட்டீர்கள், இன்னும் மோசமாகாமல் நிறுத்துவது உங்கள் கையில் இருக்கிறது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல் நாணை உள்நோக்கி வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள், குரல் உடைவதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம், அமிலம் மேலேறுவது, நாணில் முடிச்சு, தைராய்டு, இவையெல்லாம் சரி செய்யக்கூடியவை. பாடகர்களோடு வேலை செய்த குரல் பயிற்சியாளர் ஒருவரிடம் போங்கள், தன்னிச்சையாக அழுத்திப் பாடி மேல் ஸ்தாயியைப் பிடிக்கப் பார்க்காதீர்கள், அது நாணுக்கு இன்னும் கெடுதல். சுருதியை இறக்கி வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுப்பது தோல்வி கிடையாது. முகத்து முடியில் ஒரு பகுதி அளவு இறங்கியதும் மெலியும், மிச்சத்துக்கு லேசர் இருக்கிறது.

அப்புறம், இனி இந்தக் கடிதத்தைப் படிக்கும் மற்றவர்களுக்கு: குரலை நம்பிப் பிழைப்பவர்கள், பாடகர், ஆசிரியர், செய்தி வாசிப்பவர், யாராக இருந்தாலும் டெஸ்டோஸ்டீரான் ஆரம்பிக்கும் முன்னால் அதை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். சரியான சிறு அளவில் குரல் மாறுவது அரிது, ஆனாலும் உங்களுக்கு அந்த அரிதும் பெரிது. போட்டிகளில் ஓடுபவர்கள், பளு தூக்குபவர்களும் கவனியுங்கள், இது ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கும் மருந்து.

கேள்வி: நான் எந்த ஹார்மோனும் எடுக்கவில்லை. 58 வயது. மூன்று மாதமாகத் திடீரென்று மீசை, தாடி, முன் மண்டையில் முடி கொட்டுகிறது. வயதானால் இப்படித்தானா?

பதில்: நாலைந்து தாடை முடி, வருடக்கணக்கில் மெதுவாக வருவது, வயதோடு வருவது. மூன்று மாதத்தில் திடீரென்று வருவது அப்படி இல்லை. தள்ளிப்போடாமல் டெஸ்டோஸ்டீரானும், அட்ரீனல் சுரக்கும் டிஹெச்இஏ சல்பேட் என்ற ஹார்மோனும் ரத்தத்தில் எவ்வளவு என்று பாருங்கள். மிக அதிகமாக இருந்தால் சினைப்பையிலோ அட்ரீனலிலோ ஹார்மோன் சுரக்கும் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் அப்படி இருக்காது, ஆனால் இருந்தால் சீக்கிரம் தெரிய வேண்டியது. வீட்டில் யாராவது ஜெல் போடுகிறார்களா என்றும் யோசியுங்கள்.

கேள்வி: மார்பகப் புற்றுநோய் முடிந்து மூன்று வருடம். 52 வயது. உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுக்கும் லெட்ரோசோல் மாத்திரை சாப்பிடுகிறேன். ஆசையும் இல்லை, வறட்சியும் தாங்க முடியவில்லை. ஈஸ்ட்ரோஜன் கூடாது என்று தெரியும். டெஸ்டோஸ்டீரான்?

பதில்: ஹார்மோனால் வளரும் வகைப் புற்றுநோய் வந்தவர்களுக்கு நான் அதைத் தொடங்குவதில்லை, சகோதரி. பெரும்பாலான ஆய்வுகளில் இப்படிப்பட்டவர்களைச் சேர்க்கவே இல்லை. மேலே சொன்ன 2008 ஆய்வில் மருந்து எடுத்தவர்களில் 4 பேருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது, வெறும் பேட்ச் ஒட்டியவர்களில் யாருக்கும் இல்லை. அந்த எண்ணிக்கையை வைத்து மருந்துதான் காரணம் என்று சொல்ல முடியாது, காரணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. பிற்பாடு வந்த பெரிய அலசலில் குறுகிய காலத்தில் மார்பகப் புற்றுநோய் கூடுவதாகத் தெரியவில்லை, ஆனால் அது நோய் வராதவர்களைப் பற்றியது. உங்கள் விஷயத்தில் பரீட்சித்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

வறட்சியை முதலில் கவனிப்போம். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வைக்கும் ஹார்மோன் இல்லாத ஈரப்பதக் கிரீம், உறவின்போது சிலிகோன் வகை வழவழப்பு ஜெல், இடுப்புத்தளத் தசைகளைத் தளர்த்தும் பிசியோதெரபி. இவற்றை ஒழுங்காக மூன்று மாதம் செய்தாலே வலி பெருமளவு குறைவதைப் பார்த்திருக்கிறேன். போதவில்லை என்றால் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடமே கேளுங்கள், கூச்சப்படாதீர்கள், உயிர் பிழைத்த பிறகு வாழ்வதும் அவர் வேலைக்குள் வருவதுதான்.

கேள்வி: டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார், ஆண்களுக்கான 1 சதவீத ஜெல். எப்படிப் போடுவது, எவ்வளவு காலம் போடலாம்? டிஹெச்இஏ மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடலாமா? வயது 53.

பதில்: ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், 1 மில்லி அளவு. 1 சதவீத ஜெல் என்றால் அரை மில்லியில் 5 மில்லிகிராம் இருக்கும், உங்கள் சீட்டில் எழுதியிருப்பதும் அதுதானா என்று டாக்டரிடம் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள், 2 சதவீத ஜெல்லும் இருப்பதால் குழப்பம் வரும். குளித்துத் துடைத்த பிறகு தொடையின் மேல்பகுதியில் வெளிப்பக்கம் தடவுங்கள், இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள், ஒரே இடத்தில் போட்டால் அங்கே மட்டும் முடி முளைக்கும். கையைக் கழுவுங்கள். ரத்தப் பரிசோதனை நாளில் ஜெல் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் ரத்தம் எடுக்க விடாதீர்கள், அளவு பொய்யாக ஏறிக் காட்டும். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டு மடங்கு போட வேண்டாம்.

பரு, எண்ணெய் வழியும் முகம், முடி வளர்ச்சி வந்தால் அளவைக் குறைக்கச் சொல்வார்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். குரலில் சின்ன மாற்றம் தெரிந்தாலும் அன்றே நிறுத்திவிட்டுப் பேசுங்கள். வாய்வழி மாத்திரையாக டெஸ்டோஸ்டீரான் வேண்டாம், அது நல்ல கொழுப்பைக் குறைத்துக் கெட்ட கொழுப்பைக் கூட்டுகிறது, தோல் வழியாகப் போவதில் அந்தத் தொல்லை தெரியவில்லை. எவ்வளவு காலம் என்றால், இரண்டு வருடம் வரைக்குமான தகவல்தான் ஆய்வுகளில் ஓரளவு உறுதியாக இருக்கிறது. அதற்கு மேல் தொடர்பவர்களை நான் வருடம் ஒரு முறை உட்கார வைத்து, இன்னும் வேண்டுமா என்று கேட்கிறேன், சிலர் இரண்டு மாதம் நிறுத்திப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறார்கள். டிஹெச்இஏ வேண்டாம், ஆசைக்கு அது பயன்படுவதாகத் தெரியவில்லை, இரண்டும் சேர்ந்தால் அளவு கணக்கே தவறிப்போகும்.

கேள்வி: எனக்கு 57. மாதவிடாய் நின்ற பிறகு அந்த ஆசை போய்விட்டது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை, கணவருக்கும் இல்லை, நிம்மதியாக இருக்கிறோம். என் தங்கைதான் நீ சிகிச்சை எடுக்க வேண்டும் என்கிறாள். எடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்களுக்கு எந்த நோயும் இல்லை. தங்கையிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். வறட்சியால் சிறுநீர் எரிச்சலோ அடிக்கடி சிறுநீர்த் தொற்றோ வந்தால் அதற்கு மட்டும் அங்கே வைக்கும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது உதவும். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.